காடு இருந்தால்தானே ஒப்பந்தம்

அவளுடைய சொந்தப் பெயர் அவளுடைய ஓட்டுநர் உரிமத்தில் இருந்தது. மற்றபடி அது புழக்கத்தில் இல்லை. ஊருக்கு அவள் பிரேக் அக்கா. பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அதன்மேல் அவளுடைய கால் பூனை மாதிரிப் பதுங்கியிருக்கும். பழகுகிறவர் எதிரே வரும் சைக்கிளைப் பார்த்து "ஐயோ" என்று வாயைத் திறப்பதற்குள் வண்டி நின்றிருக்கும். "நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க. நிறுத்துற வேலைய நான் பாத்துக்கிறேன்" என்பாள். அவளிடம் கற்றவர்கள் ஊரில் ஏராளம். சந்தைத் தெருவில் யாராவது தயங்கித் தயங்கி வளைத்தால், பின்னால் வருகிறவர்கள், "பிரேக் அக்கா பள்ளிக்கூடம் போல" என்று சிரித்துக்கொண்டு வழிவிடுவார்கள்.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களுக்கு, "ஒருத்தனை வளத்து ஆளாக்கவே நேரம் சரியாப் போச்சு" என்பாள். அந்த ஒருத்தன் அவளுடைய தம்பி. அம்மா இறந்தபோது அவன் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தான், இவள் பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்தாள். அவனுடைய மதிப்பெண் அட்டையில் அப்பாவின் கையெழுத்தைப் போட்டது இவள்தான். பெரியவனானதும் அவன் டைல்ஸ் கடை வைத்தான், அதனால் அவனுக்கும் டைல்ஸ் என்றே பெயர் நிலைத்துவிட்டது. மாடியில் அக்கா, கீழே தம்பியும் அவன் மனைவியும். அவர்களுடைய ஒரே மகன் வெளியூரில் ஒரு பெரிய ஓட்டலில் வேலை பார்த்தான்.

அப்பா பள்ளிப் பேருந்துகளைப் பழுதுபார்க்கும் மெக்கானிக்காக இருந்தவர். பாதை போகாத இடம் என்று யாரும் சீந்தாத காலத்தில் மலைச்சரிவில் ஒரு காட்டை வாங்கிப் போட்டிருந்தார். வீட்டைப் போலவே காட்டையும் இருவர் பேரிலும் சேர்த்து எழுதிவைத்துவிட்டுப் போனார். ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். உள்ளே நுழைந்தால் பட்டப்பகலிலும் கண் பழகச் சிறிது நேரம் பிடிக்கும். மரங்களின் உச்சியைப் பார்க்க வேண்டுமென்றால் கழுத்தை ஒடித்துக்கொள்ள வேண்டும், அப்படியும் தெரியாது. நடுவே ஓர் ஓடை. அக்கா விடுமுறை நாளில் அங்கே போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடையில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வாரம் முழுக்க அடுத்தவர் உயிருக்குப் பொறுப்பேற்ற கால் அது. அதற்கு அன்றைக்கு விடுமுறை.

அப்பா போன கையோடு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மரம் வாங்குகிறவர், விடுதி கட்டுகிறவர், கல் உடைக்கிறவர் என்று ஆளுக்கு ஒரு ஆசை. அக்கா எல்லோரையும் வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். அப்போதுதான் அவளிடம் ஓட்டப் பழக வந்த ஒரு பெண், தனியார் காடுகளைக் காக்கும் அறக்கட்டளை ஒன்றில் வேலை பார்ப்பதாகச் சொன்னாள். வகுப்புக்கும் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்து கிளட்ச் எது, பிரேக் எது என்று தெரியாமல் மிதிப்பாள். அக்கா அவளுக்கு பூட்ஸ் மேடம் என்று பெயர் வைத்தாள். அந்தப் பூட்ஸ் மேடம்தான் காட்டை யாரும் வெட்டாமல் காக்க ஓர் ஒப்பந்தம் இருப்பதையே சொன்னது.

நிலம் சொந்தக்காரர்களிடமே இருக்கும். போகலாம், வரலாம், விழுந்த விறகைப் பொறுக்கலாம், விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதிவைக்கலாம். ஆனால் வெட்டக் கூடாது, கட்டக் கூடாது, தோண்டக் கூடாது. அறக்கட்டளை வருடத்துக்கு ஒருமுறை வந்து பார்க்கும். பதிலுக்கு நில வரி குறையும். நிலத்தைத் துண்டு போடக் கூடாது என்ற நிபந்தனையை அக்கா கேட்டு வாங்கிச் சேர்த்தாள். தம்பி என்றைக்காவது தன் பாதியைப் பிரித்து விற்றுவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பயம். அவனிடம் அதைச் சொல்லவில்லை.

பதிவு அலுவலகத்தில் அன்று மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது. பூட்ஸ் மேடம் ஒவ்வொரு நிபந்தனையாகப் படித்துக் காட்டினாள்.

"இது எத்தனை வருஷத்துக்கு மேடம்?" என்றான் தம்பி.

"வருஷக் கணக்கு கிடையாது சார். என்னைக்கும்."

"நான் செத்த பிறகும் வெட்டக் கூடாதா?"

"உங்களுக்கு அப்புறம் யார் கைக்கு வந்தாலும் கூடாது."

"அப்ப பேயா வந்து வெட்டிக்கிறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். பதிவு எழுத்தர்கூட முத்திரையை நிறுத்திவிட்டுச் சிரித்தார். தம்பி பேனாவை வாங்கி, அக்கா விரல் வைத்துக் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டான்.

அதன்பின் சில வருடங்கள் ஒரு குறையும் இல்லை. பூட்ஸ் மேடம் வருவாள், காட்டுக்குள் அங்கங்கே நட்டுவைத்த கம்பங்களின் பக்கத்தில் நின்று போன வருடம் எடுத்த அதே திசையில் படம் எடுப்பாள், போவாள். அக்காதான் கூடப் போவாள். தம்பிக்குக் கடை.

ஒரு நாள் பயிற்சி மைதானத்தில் அக்கா வண்டியை விட்டிறங்கிக் குனிந்து கூம்புகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். காரில் உட்கார்ந்திருந்தவர் ஒரு சமையல் பாத்திரக் கடை முதலாளி. முன்னால் எடுக்கப்போய்ப் பின்னால் எடுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து அக்காவின் காலடியில் பிரேக் இல்லை. தொடை எலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். பாத்திரக் கடைக்காரர் ஆஸ்பத்திரி வராந்தாவில் தலையில் அடித்துக்கொண்டு அழுததைப் பார்த்து, வலியோடு வலியாக அக்காதான் ஆறுதல் சொல்ல வேண்டியிருந்தது: "விடுங்க சார், ரிவர்ஸ் நல்லா வந்துருச்சு உங்களுக்கு."

மாடி ஏற முடியாது என்பதால் தம்பி தன் வீட்டுக் கூடத்தில் ஜன்னலோரம் கட்டிலைப் போட்டு அவளைப் படுக்கவைத்தான். அவன் பார்த்துக்கொண்டதைப் போல வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். காலையில் பல் தேய்க்க வெந்நீர் கொண்டுவந்து கொடுப்பான். கால் பயிற்சிக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவான், தூக்கி வருவான். அவளுக்குச் சூப் பிடிக்காது என்று தெரிந்தும், அவள் முகத்தைத் திருப்பும்போதெல்லாம், "ஆ காட்டு. எனக்கு நீ எத்தனை தரம் இப்படி ஊட்டியிருக்க?" என்று கரண்டியை நீட்டுவான். அதற்கப்புறம் வெளியே போனால் சாயங்காலம்தான் வருவான். சட்டையெல்லாம் தூசி, பூட்ஸில் காய்ந்த மண். டைல்ஸ் வியாபாரி தூசியோடு வருவதில் என்ன அதிசயம்? பெரிய கட்டடம் ஒன்றில் தரை போடுகிறார்கள் என்று அவன் சொன்னான். தம்பி மனைவி அந்தச் சட்டைகளை வாளியில் ஊறப்போட்டுப் புலம்புவாள்: "இந்தத் தூசி என்ன அண்ணி, சோப்புக்கே மசிய மாட்டேங்குது."

அக்கா படுத்தபடியே அவளுக்காக வருத்தப்பட்டாள்.

எழுந்து நடக்க ஆரம்பித்ததும் முதலில் வகுப்புக்கு வந்தது ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்துக்கொண்ட நர்ஸ். "நீங்க நடந்தா நான் ஓட்டுவேன்" என்று அங்கேயே பந்தயம் கட்டியிருந்தாள். தெருக்களில் நன்றாகப் பழகிவிட்டாள். மேட்டில் நிறுத்தி எடுப்பது மட்டும் வரவில்லை. அதற்கு மலைப்பாதையைவிட நல்ல இடம் ஏது? அக்காவுக்கும் காட்டைப் பார்த்து மாதக்கணக்காகிவிட்டது. இருவரும் ஒரு காலைப் பொழுதில் கிளம்பினார்கள்.

கடைசி வளைவுக்கு முன்னால் பாதையை ஒட்டி அவர்களுடைய காட்டின் முன்வரிசை மரங்கள் நின்றன. நர்ஸ் இரண்டாவது கியரில் நிதானமாக ஏறிக்கொண்டிருந்தாள். எதிரே வண்டி இல்லை, ஆள் இல்லை, ஒரு நாய்கூட இல்லை. திடீரென்று கார் குலுங்கி நின்றது.

"என்ன அக்கா? நான் என்ன தப்பு பண்ணேன்?"

அக்காவின் கால் பிரேக்கை அமுக்கியபடி இருந்தது. கண்கள் பக்கவாட்டில் மரங்களுக்கு நடுவே பார்த்துக்கொண்டிருந்தன. அந்த இடைவெளிகளில் இருட்டு தெரிய வேண்டும். இருட்டுக்குப் பதிலாக வானம் தெரிந்தது. இடுப்பு உயரத்தில், முழங்கால் உயரத்தில், வானம்.

"சிஸ்டர், வண்டிய ஓரமா விடுங்க" என்றாள்.

பாதையோரம் ஒரே ஒரு வரிசையை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள், ஜன்னலுக்குத் திரை போட்டது போல. அதைத் தாண்டிப் போனதும் அக்கா நின்றுவிட்டாள். சரிவு முழுக்க வெட்டிய அடிமரங்கள். வட்ட வட்டமாக, வெளுப்பாக. நடுவே கனரக வண்டிகள் உழுது போட்ட தடம். வெயில் நேராகத் தரையில் அடித்தது. அந்தத் தரையில் இதுவரை வெயில் விழுந்து அவள் பார்த்ததே இல்லை. ஓடை எங்கே என்று தேடினாள். சேறு வழிந்த ஒரு கோடு தெரிந்தது. அதுதான் ஓடை.

இடம் மாறி வந்துவிட்டோமோ என்றுதான் முதலில் நினைத்தாள். வேறு யாருடைய காடோ, பாவம், என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். அப்போதுதான் அறக்கட்டளையின் கம்பம் கண்ணில் பட்டது. சிவப்புத் தொப்பி போட்ட மாதிரி நுனியில் சாயம். பக்கத்தில் போய் அதன்மேல் பொறித்திருந்த எண்ணைப் படித்தாள். விரலால் தடவிப் படித்தாள். மறுபடியும் படித்தாள். எண் மாறவில்லை.

நர்ஸ் அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அக்கா போனை எடுத்துத் தம்பிக்குப் போட்டாள். வேறு யாருக்குப் போடுவாள்?

"டேய்… நம்ம காடு…"

"அக்கா? எங்கேர்ந்து பேசற?"

"காட்டுலேர்ந்துதான். யாரோ வெட்டிட்டாங்கடா. எல்லாத்தையும் வெட்டிட்டாங்க, ஒண்ணு மிச்சமில்ல. கடையச் சாத்திட்டு உடனே வா. போலீசுக்குப் போகணும்."

மறுமுனையில் கடை ஷட்டரை இழுத்துவிடும் சத்தம் கேட்டது.

"உள்ள எறங்கிட்டியா?" என்றான்.

"பாதி தூரம் வந்துட்டேன்."

"அங்கயே நில்லு. ஓடைப் பக்கம் போகாத அக்கா. வேரோட பிடுங்கின குழியெல்லாம் மூடாம கெடக்கு. கால மடக்கிக்கப் போற. ஆபரேஷன் பண்ண காலு."

"சரிடா" என்றாள் அக்கா. ஓடைப் பக்கம் வைத்திருந்த காலை எடுத்து இந்தப் பக்கம் வைத்துக்கொண்டாள். போனைக் காதிலிருந்து எடுத்தாள். அதற்குப் பிறகுதான் அவன் சொன்னது அவளுக்குள் போய்ச் சேர்ந்தது. குழி இருப்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

நர்ஸ் பின்னாளில் சொன்னாள்: ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ செய்தியைச் சொல்லியிருக்கிறேன், ஒரு முகம் அப்படி மாறி நான் பார்த்ததில்லை என்று. திரும்பி வரும்போது அக்கா பிரேக்கைத் தொடவே இல்லை. இரண்டு காலையும் மடக்கிச் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மலைப்பாதை முழுவதையும் நர்ஸ் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தானே ஓட்டி வந்தாள்.

வீட்டில் தம்பி அவளுக்கு முன்பே வந்து காத்திருந்தான். கூடத்தில், அவள் மாதக்கணக்கில் படுத்திருந்த அந்தக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். தம்பி மனைவி துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தவள், இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

"என்ன அண்ணி?"

"உன் புருஷனைக் கேளு."

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "காட்ட வெட்டிட்டேன்."

"எந்தக் காட்ட?" என்றாள் அவள். அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை.

அவன் விளக்கினான். மகன் எவ்வளவு நாளைக்கு அடுத்தவன் ஓட்டலில் தட்டுத் தூக்குவான்? மலையில் சொந்தமாக ஒரு விடுதி கட்டிக்கொடுத்துவிடலாம் என்று ஒரு கட்டுமானக்காரரோடு பேசியிருந்தான். ஒப்பந்தம் குறுக்கே நிற்கிறதே என்று கேட்டதற்கு அந்த ஆள் ஒரு வழி சொல்லியிருந்தார்.

"காடு இருந்தாத்தானே காட்டு ஒப்பந்தம்? இப்ப காடே இல்ல. அது தானா செத்துப் போச்சு. யாரும் ஒண்ணும் பண்ண முடியாது அக்கா. கோவம் தீர நாலு நாள் திட்டு. அப்புறம் விடுதியில உனக்கும் பாதி இருக்குல்ல?"

அக்கா திட்டவில்லை.

"என்கிட்ட ஏன்டா கேக்கல?"

"கேட்டா வேணாம்னு சொல்லுவ."

"எப்பலேர்ந்து இந்த யோசனை?"

அவன் பொய் சொல்லியிருக்கலாம். அவனுக்கு அக்காவிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை. கேட்காததைச் சொல்லாமல் இருப்பதுதான் பழக்கம். "ஆஸ்பத்திரியில உன் ஆபரேஷனுக்குக் கையெழுத்து கேட்டாங்கல்ல, அப்பதான் தோணுச்சு. நீ எழுந்து நடக்கறதுக்குள்ள முடிச்சிடலாம்னு."

தம்பி மனைவி மடித்த சட்டை ஒன்றைக் கையில் வைத்திருந்தாள். அதைப் பிரித்துப் பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள். "அப்ப அது மரத்தூளா?" என்றாள். "நான் தெனமும் தொவைச்சது மரத்தூளா?" சட்டையைக் கீழே போட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அக்காவுக்கு அதிர்ச்சியிலும் பெரிய அதிர்ச்சி ஒன்றுதான். அந்த மாதங்களில் அவன் காட்டிய பாசம் நடிப்பாக இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள். அது நடிப்பில்லை. கரண்டியை நீட்டிய கையும் உண்மை, காலையில் சூப் ஊட்டிவிட்டு நேரே போய் ரம்பக்காரர்களுக்கு மரத்தைக் காட்டிய கையும் உண்மை. இரண்டும் ஒரே கை. இதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. மாடிப் படியில் பாதியில் உட்கார்ந்து பூட்ஸ் மேடத்துக்குப் போன் செய்தாள். அவளும் முதலில் நம்பவில்லை. "கொஞ்சம் வெட்டியிருப்பாங்களா அக்கா? ஓரத்துல?" என்றே திரும்பத் திரும்பக் கேட்டாள்.

மறுநாள் அக்காவும் தம்பியும் பூட்ஸ் மேடமும் காட்டுக்குப் போனார்கள். பூட்ஸ் மேடம் கம்பத்தின் பக்கத்தில் நின்று கேமராவைக் கண்ணருகே கொண்டுபோனாள், இறக்கினாள், மறுபடி கொண்டுபோனாள். பிறகு அழுதாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு படத்தை எடுத்தாள். அதன்பின் அவள் குரல் அலுவலகக் குரலாகிவிட்டது.

"சார், உங்களுக்கு யார் சொன்னாங்க ஒப்பந்தம் செத்துப் போச்சுன்னு?"

"மரம்தான் இல்லையே மேடம்."

"ஒப்பந்தம் மரத்தோட போட்டது இல்ல சார். நிலத்தோட போட்டது. இந்த மண்ணு இருக்கற வரைக்கும் அது இருக்கும். நேத்து இங்க என்ன கூடாதோ, இன்னைக்கும் அது கூடாது. ஒரு கொட்டகைகூடப் போட முடியாது நீங்க. இருந்ததைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதும் உங்க பொறுப்பு."

தம்பி பேயறைந்தவன் போல நின்றான். அவன் உண்மையாகவே நம்பியிருந்தான் என்று அக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. யாரையும் ஏமாற்றவில்லை, ஒரு கணக்கைத் தீர்த்துவிட்டோம் என்றே நினைத்திருந்தான். ஒரு காடு மொத்தமும் ஒன்றுமில்லாத ஒரு காரியத்துக்காகப் போய்விட்டது. விடுதி வராது. மகனுக்கு ஒன்றும் கிடைக்காது. வெட்டியது வெட்டியதுதான்.

"உங்க ரெண்டு பேரோட பொறுப்பு" என்றாள் பூட்ஸ் மேடம், அக்காவைப் பார்க்காமல். "ரெண்டு பேரும்தானே உரிமைக்காரங்க."

அறக்கட்டளை வழக்குப் போட்டது, விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. கட்டுமானக்காரர் தான் வாயைத் திறந்ததே இல்லை என்று சாதித்துவிட்டு விலகிக்கொண்டார். அக்காவின் வக்கீல் ஒரு பெண்மணி, எப்போதும் எதையாவது மென்றுகொண்டே இருப்பவர். தனக்குத் தெரியாமல் நடந்தது என்று அக்கா சாட்சி சொன்னால் அவள் பெயரைப் பொறுப்பிலிருந்து எடுத்துவிடலாம், முழுச் சுமையும் தம்பி தலையில் விழும் என்றார்.

"விழட்டும்" என்றாள் அக்கா. அன்றைக்கு அப்படித்தான் சொன்னாள். "அதோட இன்னொண்ணு. நிலத்தப் பிரிச்சிடுங்க. அவன் பாதி அவனுக்கு, என் பாதி எனக்கு. அவனோட சேந்து ஒரு பேப்பர்லகூட என் பேர் இருக்க வேணாம்."

வக்கீல் மெல்வதை நிறுத்தினார். ஒப்பந்தத்தைப் புரட்டி ஒரு பத்தியைக் காட்டினார். "துண்டு போடக் கூடாதுன்னு இருக்கேம்மா. இது வழக்கமா வர்ற நிபந்தனைகூட இல்ல. நீங்களே கேட்டுச் சேத்ததாமே?"

அக்கா அந்தப் பத்தியைப் பார்த்தாள். அவனை நம்பாமல் அவள் போட்ட முடிச்சு. அதில் அவளும் சேர்ந்து கட்டுண்டிருந்தாள்.

விசாரணை நாளில் நீதிபதி கேட்டார்: "இது உங்களுக்குத் தெரிந்து நடந்ததா?"

தம்பி எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தான். தலை சீவாமல் வந்திருந்தான். சீவிவிட வேண்டும் என்று அவளுடைய கை ஒரு கணம் பரபரத்தது, அதற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"தெரியாது" என்றாள். "நான் கால் ஒடிஞ்சு படுத்திருந்தேன். என்னைப் பாத்துக்கிட்டதும் இவன்தான். வெட்டினதும் இவன்தான்." கூடத்தில் ஒரு சலசலப்பு. அவள் உட்காராமல் நின்றாள். "ஆனா திரும்ப வளக்கறதுல என் பேரையும் சேத்துக்கோங்க. அவனுக்காக இல்ல. அவன்கிட்ட தனியா விட்டா அந்த எடம் உருப்படாது."

வக்கீல் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

தீர்ப்பும் அப்படியே வந்தது. அறக்கட்டளையின் தாவரவியலாளர் சொல்கிற கன்றுகளை, சொல்கிற இடைவெளியில் நட வேண்டும். வேலி போட வேண்டும். காய்ந்தால் மாற்ற வேண்டும். செலவில் பெரும்பங்கு தம்பியுடையது. பெரிய கடையை விட்டுவிட்டு ஒரு சந்துக்குள் சின்னதாகப் போய் உட்கார்ந்தான். மகன் போனில்கூடச் சரியாகப் பேசுவதில்லை. "நான் உங்ககிட்ட விடுதி கேட்டேனாப்பா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டானாம், அவ்வளவுதான். தம்பி மனைவி புருஷனோடுதான் இருந்தாள். ஆனால் அவன் சட்டைகளை அவனே துவைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

அக்காவும் தம்பியும் பேசிக்கொள்வது நின்றுபோனது. ஒரே வீடு, ஒரே படிக்கட்டு. துணி காயப்போட அவன் மொட்டைமாடிக்கு ஏறும் சத்தம் கேட்டால் அவள் கதவைச் சாத்துவாள். ஆனால் வருடாந்தரப் பார்வைக்கு இரண்டு உரிமையாளர்களும் வரவேண்டும் என்று தீர்ப்பிலேயே இருந்தது. ஆக, வருடத்துக்கு ஒருநாள் இருவரும் பூட்ஸ் மேடத்துக்கு இரண்டு பக்கமும் நடந்தார்கள்.

"மேடம், மேட்டுப் பக்கம் கன்று வாடியிருக்குன்னு அவங்ககிட்ட சொல்லுங்க" என்பான் தம்பி.

"மேடம், தண்ணி ஊத்தாம வாடாம என்ன செய்யும்னு அவர்கிட்ட கேளுங்க" என்பாள் அக்கா.

"ஊத்தினேன்னு சொல்லுங்க மேடம். குடத்தத் தூக்கித் தூக்கி முதுகே போச்சுன்னு சொல்லுங்க."

பூட்ஸ் மேடம் நடுவில் நின்று முழிப்பாள். அவளுக்குச் சிரிக்கவும் பயம், அழவும் அலுப்பு. வெட்டிய சில அடிமரங்கள் தாமாகவே துளிர்த்திருந்தன. அவற்றைத் தொடாதீர்கள் என்றாள். நட்ட கன்றுகளைவிட அவை வேகமாக வளர்ந்தன. அக்கா மாதம் ஒருமுறை தனியாகப் போய்க் களை எடுத்துவிட்டு வருவாள். தம்பி தண்ணீர் தூக்கிய தடம் மண்ணில் தெரியும். அவன் எந்த நாளில் வருகிறான் என்று அவள் விசாரித்ததில்லை.

சில வருடங்கள் போயின. பூட்ஸ் மேடம் வேறு வட்டாரத்துக்கு மாற்றலானாள். அந்த வருடம் வந்தவர் ஒரு பருமனான மனிதர், ஓய்வு பெற இருந்தவர். மேடு ஏறுவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கிவிட்டது. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்று சுற்றிலும் பார்த்தார். கன்றுகள் ஆள் உயரத்துக்கு வந்திருந்தன. இடையிடையே புல்லும் புதரும் பழைய அடிமரங்களை மறைத்து முட்டிக்கொண்டு நின்றன.

"நல்லாத்தான் வந்திருக்கு" என்றார், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி. "இது முன்னாடி என்ன, மேய்ச்சல் நிலமா? வெறும் தரையில இவ்வளவு வளத்திருக்கீங்களே, பெரிய விஷயம்தான். பாராட்டணும்."

அக்காவுக்குப் பொட்டல் வெளியில் நின்ற அன்றுகூட இப்படி இருக்கவில்லை. அன்று காடு போயிருந்தது. இன்று காடு இருந்தது என்பதே போய்விட்டது. இந்த மனிதர் கெட்டவரில்லை. கையில் கோப்பு இருக்கிறது, படித்துவிட்டு வர நேரம் இருந்திருக்காது. அவர் கண்ணுக்குத் தெரிந்ததைச் சொல்கிறார். இன்னும் சில வருடம் போனால் எல்லோருக்கும் இதுதான் தெரியும். சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தாள்.

"மேய்ச்சல் நிலம் இல்ல சார்" என்றது தம்பியின் குரல். "பெரிய காடு. அண்ணாந்து பாத்தா உச்சி தெரியாது. நான்தான் வெட்டினேன்."

வந்தவர் அவனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். "நீங்களா? ஏன் சார்?"

"தெரியாம இல்ல சார். தெரிஞ்சுதான்" என்றான். "எங்க அக்கா படுத்த படுக்கையா இருந்தப்ப."

இதை அவன் இதுவரை நீதிமன்றத்தில்கூடத் தானாகச் சொன்னதில்லை. வக்கீல் எழுதிக்கொடுத்ததைத்தான் படித்தான். யாரும் அவனைக் கேட்கவில்லை. பாராட்டை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம்.

அக்கா, பக்கத்தில் இருந்த ஓர் அடிமரத்தின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மன்னித்துவிட்டோமா என்று தனக்குள் தேடிப் பார்த்தாள், அப்படி ஒன்றும் அங்கே இல்லை. வேறு ஏதோ இருந்தது, அதற்கு அவளிடம் பெயர் இல்லை.

வந்தவர் கோப்பைத் திறந்து பேனாவை எடுத்தார். தயங்கினார். "இத நான் எழுதிக்கணுமா?" என்றார் பொதுவாக.

"எழுதிக்கோங்க" என்றாள் அக்கா. அவள் அதை அவரிடம் சொன்னாளா தம்பியிடம் சொன்னாளா என்று மூவருக்குமே தெரியவில்லை.

அவர் எழுதினார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பார்க்க வேண்டிய கம்பங்கள் இன்னும் பாக்கி இருந்தன.